ஊசி உடையாத லைன்

திண்டிவனத்தை ஒட்டி இருக்கும் அந்தத் தையல் கம்பெனியில் மூன்றாவது லைனுக்குச் சூப்பர்வைசர் செண்பகம். சின்னக் குழந்தைகளுக்குக் கவுன் தைக்கிற லைன் அது. விழுப்புரத்திலிருந்து கம்பெனி வேனில் வந்து இறங்கும்போதே அவள் நடையில் ஒரு மிதப்பு இருக்கும். இருக்காதா பின்னே? மாதக்கணக்காக ஒரு ஊசிகூட உடையாத லைன் என்று மேனேஜர் வேங்கடேசன் எல்லோர் முன்னாலும் அவளுக்குச் சால்வை போர்த்தியிருந்தார்.

நாள் முழுக்க ஓடுகிற மிஷினில் ஊசி உடையாமல் இருக்குமா என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். தோளில் சால்வை விழுந்த பிறகு யாருக்கு அந்த யோசனை வரும்!

கம்பெனியில் கண்டிப்பான சட்டம் ஒன்று உண்டு. ஊசி உடைந்தால் துண்டுகளை எல்லாம் தேடி எடுத்துச் சூப்பர்வைசரிடம் காட்ட வேண்டும். அப்புறம்தான் புது ஊசி. துண்டு துணியில் தங்கிவிட்டால் குழந்தையின் உடம்பில் குத்திவிடுமே! செண்பகம் தன் பங்குக்கு இதில் ஒரு வழக்கத்தைச் சேர்த்திருந்தாள். ஊசியை உடைத்தவள் எழுந்து நிற்க வேண்டும், மற்றவர்கள் எல்லாம் மிஷினை நிறுத்திவிட்டு அவளுக்குக் கை தட்ட வேண்டும். மற்ற லைன்களில் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். தான் சிரிக்க வைத்தே திருத்துவதாகச் செண்பகத்துக்குப் பெருமை.

அன்று காலை பேக்கிங் மேஜையில் ஒரு மஞ்சள் கவுனை மடித்தபோது அவள் உள்ளங்கையில் சுருக்கென்றது. ஓரத் தையலுக்குள் உடைந்த ஊசி முனை. அவள் லைனில் தைத்த கவுன். சாயங்காலம் லாரி வருகிறது, பெட்டிகள் பாதிக்கு மேல் ஒட்டியாகிவிட்டது.

லைனுக்கு ஓடினாள். "யாருடி ஊசிய ஒடச்சது? மரியாதையா சொல்லிடுங்க!"

ஒருத்தியும் தலை நிமிரவில்லை. மிஷின்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன.

தண்ணீர்க் குழாயடியில் அம்சாவை மடக்கினாள். லைனில் மூத்தவள், தினமும் வேனில் பக்கத்து சீட்டு. "நீயாவது சொல்லு அம்சா. யாரு?"

"யாருன்னு கேட்டா எல்லாருந்தான்க்கா." அம்சா குழாயை மூடினாள். "பஸ் ஸ்டாண்டாண்ட கடையில சொந்தமா ஊசி வாங்கி வெச்சிக்கினு இருக்கோம். ஒடஞ்சா சத்தமில்லாம மாத்திக்குவோம். துண்டு கெடச்சா எடுப்போம். கெடைக்கலன்னா..."

"அட பாவிங்களா! என்கிட்ட வந்தா நான் என்ன அடிச்சிடுவேனா?"

"கை தட்ட வெப்பீங்களே."

"அது சும்மா சிரிக்கிறதுக்குத்தானடி!"

"சிரிச்சது நீங்க மட்டுந்தான்க்கா."

செண்பகத்துக்குச் சித்ரா நினைவுக்கு வந்தாள். எல்லோரும் தனக்குக் கை தட்டிய மறுநாளே வேலையை விட்டு நின்றவள். வீட்டில் ஏதோ பேஜாரு போலிருக்கிறது என்று செண்பகம் அன்றைக்குச் சுலபமாக நினைத்துவிட்டாள். இப்போதுதான் புரிந்தது. சீ, நானும் ஒரு மனுஷியா என்று தன்னையே வெறுத்தாள்.

நேராக வேங்கடேசன் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் எழுந்தே விட்டார்.

"யார் யாருன்னு பேரச் சொல்லும்மா. இன்னைக்கே வெளிய அனுப்பிடலாம்."

"என் பேர எழுதிக்குங்க சார். அவங்க வாய அடச்சதே நான்தான். இப்ப அவங்கள அனுப்பிட்டா எந்தப் பெட்டியில துண்டு இருக்குன்னு சொல்ல ஆள் இருக்காது. மொதல்ல லாரிய நிறுத்துங்க."

அவர் கத்தினார். சால்வையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொன்னார். "லாரிய நிறுத்துங்க சார்" என்று செண்பகம் மறுபடியும் சொன்னாள். கடைசியில் லாரியை நிறுத்தினார்.

திரும்பி வந்து லைனில் மிஷின்களை நிறுத்தச் சொன்னாள். எல்லோரும் அவள் கையையே பார்த்தார்கள். இன்றைக்கு யாருக்குத் தட்டப் போகிறோமோ என்ற பயம் அந்த முகங்களில் இருந்தது. அந்தப் பயத்தைச் செண்பகம் அன்றுதான் பார்த்தாள். இத்தனை நாளும் அது அங்கேயேதான் இருந்திருக்கிறது.

"மேனேஜர்கிட்ட என் பேரத்தான் குடுத்திருக்கேன். உங்கள நிக்க வெச்சி கை தட்ட வெச்சது தப்பு, அசிங்கமான தப்பு. யார் ஒடச்சதுன்னு நான் கேக்கல. எந்தக் கலர், எந்த சைஸ், அதுமட்டும் சொல்லுங்க. கொழந்தைங்க போடுற துணிடி."

முதலில் அம்சா எழுந்தாள். "ரோஸ் கலர், சின்ன சைஸ். கைப்பக்கம்." அவளைப் பார்த்து இன்னொருத்தி எழுந்தாள். பெட்டிகளைப் பிரித்தார்கள், கவுன்களை உதறினார்கள், தையல் தையலாகத் தடவிப் பார்த்தார்கள். சொன்ன துண்டுகள் ஒவ்வொன்றாகக் கிடைத்தன. செண்பகம் உள்ளங்கையில் அவற்றைச் சேர்த்துக்கொண்டே வந்தாள். அப்பாடா என்று மூச்சு விடப் போன நேரத்தில் சங்கவி வந்து நின்றாள். லைனில் கடைசியாகச் சேர்ந்த பெண். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"என்னுது இதுல இல்லக்கா."

"எந்தக் கலருடி? தேடலாம் வா, ஜல்தி."

"போன லாட்டுக்கா. போயிடுச்சி."

முந்தைய தடவை லாரியில் ஏற்றிய அந்தச் சரக்கு போய் வெகுநாளாயிற்று. இந்நேரம் கடையில் தொங்கும். இல்லை, ஏதாவது ஒரு குழந்தை மேல் இருக்கும்.

"அன்னைக்கே சொல்லலாம்னு துண்டத் தூக்கிக்கினு உங்க டேபிள்கிட்ட வந்தேன்க்கா. பாதித் துண்டுதான் கெடச்சிது. நீங்க சித்ராக்காவ நிக்க வெச்சி சிரிச்சிக்கினு இருந்தீங்க. திரும்பிப் போயிட்டேன்."

ஏண்டி சொல்லவில்லை என்று செண்பகம் எப்படிக் கேட்க முடியும்? இவள் சொல்லத்தானே வந்திருக்கிறாள்! சங்கவியின் கையைப் பிடித்தாள்.

"இப்பவாவது சொன்னியே, அது போதும். நீ போய் ஒக்காரு."

வேங்கடேசன் அறைக் கதவை அன்று இரண்டாவது தடவை தட்டினாள். "சார், போன லாட்டத் திரும்ப வரவழைக்கணும்" என்றாள். எந்த ஊருக்கு எந்தக் கடைக்குப் போனது என்று அவர் போனைக் கையில் எடுத்துக்கொண்டு தேடத் தொடங்கினார். அவளுக்கு அந்த மீதித் துண்டு போய்ச் சேர்ந்த குழந்தையின் முகம் தெரியாது, பெயர் தெரியாது. அவர் தேடி முடிக்கிற வரைக்கும் அங்கேயே நின்றாள்.