பெண்கள் பக்கத்து நீலம்

சர்க்கரை மலிந்த 1978-ல், கல்லூரி விலங்கியல் ஆய்வகத்தில் வேலை பார்த்த ஸ்தனிஸ்லாஸ் மண்டபம் கடலில் குளித்துவிட்டுத் திருச்சி திரும்பினார். அன்று முதல், பெண்கள் இருக்கும் பக்கத்திலிருந்து பார்த்தால் மட்டுமே அவர் தெரிந்தார், அதுவும் நீலமாக. அந்தக் கடலில் குருணை அளவில் ஒரு மிதவைப் பூச்சி உண்டு. உடம்பில் சாயம் துளி கிடையாது. தகடு தகடாக அடுக்கிய மேனியில் வெளிச்சம் பட்டால் நீலம், கொஞ்சம் சாய்ந்தால் ஆளே இல்லை. மின்னுவது ஆண்தான், பார்க்க வேண்டியது பெண்தானே. அது இவருக்கும் ஒட்டிக்கொண்டது. ஸ்ரீரங்கம் பஸ்ஸில் பெண்கள் சொல்லித்தான் கண்டக்டர் அவருக்கு டிக்கெட் கிழித்தார். மற்றவர் கண்ணிலும் படவேண்டுமே என்று மனிதர் ஓரிடத்தில் நில்லாமல் பம்பரமாய்ச் சுற்றினார்.

அவரைக் கட்டிக்கொள்ள நின்ற டோரதிக்கும் தூக்கமில்லை. அவளுடைய அப்பா பாக்கியநாதன் பொன்மலை ரயில் பட்டறையில் நாற்பது பேரை மேய்ப்பவர். மாப்பிள்ளை பெண் கேட்டு வந்தபோது அடுக்களை வாசலில் நின்ற அம்மா வியாகுலம்மாளுக்கு நன்றாகத் தெரிந்தார். நாற்காலியில் இருந்த அப்பாவுக்குக் காலி பெஞ்சுதான் தெரிந்தது. எழுந்து அடுக்களைப் பக்கம் வர அவருக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

டோரதி பூஞ்சைகளை ஆராய்கிறவள். அப்பாவிடம் சொன்னாள்: "பூஞ்சைக்குள்ள ஒரு நொதி தூங்கிக்கிட்டே கிடக்கும்பா. இன்னொண்ணு வந்து ஓரத்தைக் கிள்ளி எடுத்தாத்தான் முழிச்சு வேலை செய்யும்."

"என்னைக் கிள்ளப் போறியா?"

அவள் நேரே போய், மாதா கோயிலில் ஓலைக்குத் தானே பெயர் கொடுத்துவிட்டாள். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் சாமியார் மணமக்கள் பெயரைச் சொல்லி ஓலை வாசிப்பார். தடை இருந்தால் சொல்லலாம். மூன்றாம் ஓலையில் பாக்கியநாதன் ஆண்கள் பக்கத்திலிருந்து எழுந்தார்.

"மாப்பிள்ளைன்னு யாருமே இல்லையே, சாமி."

 எதிர்ப்பக்கத்திலிருந்து வியாகுலம்மாளின் குரல் வந்தது. "இங்க வந்து பாருங்க."

கோயில் முழுக்கப் பார்த்திருக்க, அவர் நடுப்பாதையைக் கடந்தார்.  மனைவி நகர்ந்து இடம் விட்டாள். அங்கிருந்து பார்க்க, ஆண்கள் பக்கத்து முதல் வரிசையில் ஸ்தனிஸ்லாஸ் தெரிந்தார், நீலமாக. பல மாதங்களுக்குப் பிறகு அசையாமல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்.

"தடை இல்லை, சாமி," என்றார் பாக்கியநாதன்.

பூசை முடிகிறவரை அவர் அங்கிருந்து எழவில்லை. அடுத்த ஞாயிறும் வந்து பெண்கள் பக்கத்திலேயே உட்கார்ந்தார். பெண்களும் நகர்ந்து இடம் விட்டார்கள்.