வலைக்குள் அண்ணன்

வீட்டில் என் பட்டப்பெயர் கொசு. ஆய்வுக்கூடத்தில் கொசு வளர்ப்பவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

வெளியூர் வேலைக்குப் போன அண்ணன் டெங்குவோடு திரும்பினான் என்று கேள்விப்பட்டதும் பட்டப்பகலில் ஓடினேன். அண்ணிக்கு நிறைமாதம். அங்கே போனால், அண்ணி கொசுவலைக்குள் உட்கார்ந்திருந்தாள். அண்ணன் வெளியே சோபாவில் சட்டையில்லாமல் கிடந்தான்.

"அறிவிருக்கா? நீ போ வலைக்குள்ள," என்றேன்.

"எனக்குத்தான் வந்தாச்சே. மாசமா இருக்கிறவளுக்குத்தான் வலை வேணும்," என்றான், பெரிய தியாகி மாதிரி.

அண்ணி பதறி வெளியே வந்தாள். அவன் தோளருகே பட்டென்று கை தட்டினாள். உள்ளங்கையில் ஒரு கொசு, காலெல்லாம் வெள்ளை வரி, சுற்றிலும் ரத்தம்.

"இவன் ரத்தம்தான்," என்றேன். "இந்த வீட்டுக் கொசுகிட்ட நோய் இல்ல அண்ணி. இவனைக் கடிச்சாத்தான் அதுக்குத் தொத்தும். அப்புறம் ஒரு வாரம் பத்து நாள்ல உங்களைக் கடிச்சா உங்களுக்கு வரும்."

"அதுவரைக்கும் அதுக்குக் காய்ச்சல் வராதா?"

"ஒண்ணும் ஆகாது."

இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மலைப்பாக இருக்கும். மூவாயிரத்துக்கு மேல் கொசு வகைகள். பெரும்பாலானவை நம்மைச் சீண்டுவதில்லை. இந்த வரிக்கால்காரிக்கோ நம் வீடு, நம் பகல், நம் கணுக்கால்தான் வேண்டும். கண்ணுக்கே தெரியாத கிருமி அவள் வயிற்றுச் சுவரைத் தாண்டி, உடம்பெல்லாம் பரவி, எச்சிலில் போய்க் காத்திருக்கிறது. அவள் பாட்டுக்குப் பறக்கிறாள், முட்டையிடுகிறாள். ஊதினால் பறக்கும் உடம்பு, ஒரு ஊரையே படுக்க வைக்கிறது. இத்தனை வருஷம் வளர்த்தும் அந்த வியப்பு குறையவில்லை, பயமும்தான்.

அண்ணனை வலைக்குள் தள்ளினேன். "காய்ச்சல் விடுற வரைக்கும் பகல்லயும் உள்ளதான்."

வீட்டில் தண்ணீரே தேங்காது என்று இருவரும் சாதித்தார்கள். பிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் சொட்டும் தட்டை உருவிக் காட்டினேன். புழுக்கள் துள்ளின. கொட்டிவிட்டு, ஒட்டிய முட்டைகளும் போகத் தேய்த்துக் கழுவினேன்.

மாலை வெயிலில் ஒரு வரிக்கால்காரி வலைமேல் வந்து உட்கார்ந்து, அண்ணன் முழங்கை எங்கே என்று துழாவினாள். அவன் உள்பக்கமாக நகர்ந்தான். அவள் எழும்பியதும் அண்ணி கை தட்டினாள்.

கையை என்னிடம் நீட்டினாள். நசுங்கிய கால்கள், கொஞ்சம் கறுப்புத் தூள். ரத்தமே இல்லை.

"குடிக்கல," என்றேன்.

அண்ணி அந்தக் கையைத் துடைக்கக்கூட இல்லை. அப்படியே வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள்.