படகு உண்டென்றால் அழை

அலுவலகத்தில் அவளைக் கத்திரி என்றுதான் கூப்பிட்டார்கள். மற்றவர்கள் புரோகிராம் எழுதினார்கள். அவள் வெட்டினாள்.

படகு நிறுவனத்தின் பழைய சர்வரில் பல பேர் பல வருடங்களாக எழுதிச் சேர்த்தவை குவிந்து கிடந்தன. யாரும் கேட்காத அறிக்கைகள், எப்போதோ நின்றுபோன சலுகைகளுக்கான கணக்குகள், யாருக்கும் போய்ச் சேராத மின்னஞ்சல்கள். வெள்ளிக்கிழமை மாலை அந்த சர்வரை அணைத்துவிடுவார்கள். உயிரோடிருப்பதைப் புதிய சர்வருக்கு மாற்ற வேண்டும். மிச்சத்தை வெட்ட வேண்டும். எது உயிரோடிருக்கிறது என்று கண்டுபிடிப்பது அவள் வேலை.

அதற்கு அவளிடம் ஒரு வழி இருந்தது. ஒரு பகுதியை வேறு ஏதாவது பகுதி கூப்பிடுகிறதா என்று முதலில் தேடுவாள். பிறகு அதில் ஒரு வரி சேர்த்து, யாராவது அந்தப் பக்கம் வந்தால் லாகில், அதாவது சர்வரின் பதிவேட்டில், தடம் விழும்படி செய்வாள். தடம் விழவில்லையென்றால் நிறுத்துவாள். அழிக்க மாட்டாள், நிறுத்துவது மட்டும்தான். நிறுத்திவிட்டு, யாராவது கத்துகிறார்களா என்று காத்திருப்பாள். ஒருவரும் கத்தவில்லையென்றால் வெட்டு. ஒரு வெட்டுக்கு ஒரு கமிட், அதாவது வேண்டுமென்றால் தனியாகத் திரும்ப எடுக்கக்கூடிய ஒரு பதிவு. நாலைந்தைச் சேர்த்து வெட்டிவிட்டு அதில் ஒன்றை மட்டும் திரும்பக் கொண்டுவரப் போனால் உயிர் போய்விடும்.

அவள் கணவர் இதை எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். கொஞ்ச நாள் தொடாத பொருள் எதுவும் அந்த வீட்டில் தங்காதாம். அதனால் தினமும் குளித்துவிட்டு வந்ததும் அலமாரியைத் திறந்து தன் சட்டைகளையெல்லாம் ஒரு தடவை தொட்டு வைக்கிறாராம்.

காத்திருக்கும் நாட்கள்தான் அவளுக்குப் பிடித்தவை. அது பனிக்காலம். அலுவலகம் படகுத்துறைக்கு மேலே, மாடியில். காலையில் ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமே இருக்காது. துறை இருக்காது, தண்ணீர் இருக்காது, கீழே நிற்பவர்களின் பேச்சு மட்டும் ஆளில்லாமல் மேலே வரும். அந்த வெண்மையைப் பார்த்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருப்பாள். தான் எதையோ நிறுத்திவிட்டோம், எங்கோ ஒருவர் செய்துகொண்டிருந்த வேலையை விட்டுத் தலை தூக்கிப் பார்க்கிறார் என்று தோன்றும். பிறகு அவர் தலை குனிந்துகொள்வார். பத்து மணி வாக்கில் பனி கிழியும். அக்கரைக்கு ஆள் ஏற்றிப் போகிற ஒரே படகு மெல்லக் கறுத்து உருக்கொள்ளும். சில நாள் பனி கிழியாது. அன்று படகு கிடையாது.

கடைசியாக ஒரு சின்னப் புரோகிராம் மிஞ்சியது. படகு கிளம்பத் துறைமுகம் அனுப்பும் அனுமதியைக் காலையில் பார்க்கும். படகு உண்டென்றால் ஒரு தொலைபேசி எண்ணை அழைத்து, பதிவு செய்த குரலில் அதைச் சொல்லும். இல்லையென்றால் ஒன்றும் செய்யாது. ஒரே ஒரு எண். எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார். மேலே ஒரு குறிப்பு வைத்திருந்தார். தினமும் காலையில் அழைக்கும் என்றது அது. அழைக்கும் என்பது கீழே உள்ள வரிகளிலேயே தெரிந்தது. எதற்கு என்பதுதான் எங்கேயும் இல்லை.

லாகைத் திறந்தாள். அழைத்தது, எடுக்கவில்லை. அழைத்தது, எடுக்கவில்லை. எவ்வளவு தூரம் பின்னால் போனாலும் அதே வரி. ஒரு தடவைகூட யாரும் எடுத்ததில்லை.

பூட்டிய வீடு ஒன்று அவள் மனதில் வந்தது. திரைகள் இழுத்துவிட்ட கூடம், முக்காலியில் தொலைபேசி. வெளிச்சம் பட்ட தூசியில் அது தினமும் மணி அடித்து ஓய்கிறது.

நிறுத்தினாள். ஒரு வாரம் காத்திருந்தாள். யாரும் கத்தவில்லை.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குப் படகு போய்விட்டது. குழுத் தலைவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து, அது ஒன்றுதான் பாக்கியா என்று கேட்டார். ஆமாம் என்றாள். பிறகு ஏன் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்றார். அங்கே யாராவது இருந்தால் என்ன செய்வது என்று கேட்டாள்.

“இத்தனை வருஷமா போனே எடுக்காத ஆளுக்காக நீ அழுவுறியா? கத்திரிக்கு வந்த கருணையைப் பாரு.”

அவள் வழியில் இல்லாத ஒன்றை அவள் செய்தாள். மேஜைத் தொலைபேசியில் அந்த எண்ணைத் தானே அழைத்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. அந்தக் கூடம் மறுபடி வந்தது. திரை அசையவில்லை. தானாகத் துண்டிக்கப்படும்வரை காதில் வைத்திருந்துவிட்டு, அந்தப் புரோகிராமை வெட்டினாள். ஒரு வெட்டு, ஒரு கமிட்.

முக்கால் மணி நேரம் கழித்து ஒரு பெரியவர் படியேறி வந்தார். மூச்சு வாங்கியது. சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தார். கையில் ஒரு தோல் பை. கீழே டிக்கெட் கொடுப்பவர் மேலே போய்க் கேட்கச் சொன்னாராம்.

“போன் அடிச்சீங்களே. படகு எங்க?”

முதலில் அவளுக்குப் புரியவில்லை. என்ன எண் என்று கேட்டாள். சொன்னார்.

அந்த எண்தான். உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். அவர் முடிதிருத்துபவர். மேட்டுக்கு அந்தப் பக்கம், பள்ளத்தில் கடை. பனிக்காலத்தில் மத்தியானம்வரை எதிர்க்கடையே தெரியாத இடம். அக்கரையில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் அவர் தம்பி இருக்கிறார். தம்பிக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது, பேச்சும் இல்லை. அண்ணனைத் தவிர யாரையும் முகத்தில் கத்தி வைக்க விடமாட்டார். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போய்ச் சவரம் செய்துவிட்டு, சாயங்காலப் படகில் திரும்புவது வழக்கம். முன்பெல்லாம் இவ்வளவு தூரம் வந்து, படகு இல்லையென்று திரும்பிப் போவாராம். முட்டி தேய்ந்ததுதான் மிச்சம். முடி வெட்டிக்கொள்ள வந்துகொண்டிருந்த இந்த அலுவலகத்து ஆள் ஒருவர்தான் பாவம் பார்த்து இந்த ஏற்பாட்டைச் செய்துகொடுத்தார்.

“நீங்க போனை எடுக்கவே மாட்டீங்களா?”

“எதுக்கு எடுக்கணும்? அடிச்சா படகு உண்டு. அடிக்கலேன்னா இல்ல. ஒரு நாளும் தப்பினதில்லம்மா.”

இந்த வாரம் ஏன் யாரையும் கேட்கவில்லை என்றாள். கேட்க என்ன இருக்கிறது என்றார். மணி அடிக்கவில்லை, பனி விலகவில்லை என்று இருந்துவிட்டார். இந்தத் தடவை பனி ரொம்பப் பிடிவாதமாக இருக்கிறதே என்று கடைக்கு வந்தவர்களிடம்கூடச் சொன்னாராம்.

அவள் கணினித் திரையைப் பார்த்தாள். வாரம் முழுக்கப் படகு போய் வந்திருந்தது.

அந்தப் புரோகிராமைத் தான் நிறுத்திவிட்டதைச் சொன்னாள். எதற்கென்று தெரியாமல் நிறுத்தியதைச் சொன்னாள். இன்று அடித்தது அது இல்லை, தான்தான், படகு அதற்கு முன்பே போய்விட்டது என்றும் சொன்னாள்.

அவர் தம்ளரைக் கீழே வைத்தார்.

“அப்ப பனி நீங்கதானா?”

கோபமாகச் சொல்லவில்லை. நீண்ட நாளாகத் தேடிய ஆளை நேரில் பார்த்ததுபோல அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பையைத் திறந்து, கத்தியும் கிண்ணமும் இருக்கின்றனவா என்று பார்த்து மூடினார்.

தலைவர் எழுந்து வெளியே போனார். மத்தியானச் சரக்குப் படகில் ஆள் ஏற்ற மாட்டார்கள். அதை ஓட்டுபவர் தலைவருக்கு மைத்துனர். உங்கள் தங்கையை எனக்குக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து உங்களிடம் நான் எதுவும் கேட்டதில்லை என்று தலைவர் வராந்தாவில் போனில் சொல்வது கேட்டது. அந்தப் பக்கம் என்ன பதில் வந்ததோ, இல்லை, ஸ்கூட்டர் வேறு, இது வேறு என்றார். சலவைத் துணி மூட்டைகளுக்கு நடுவே ஒரு ஆள் உட்கார இடம் கிடைத்தது.

அதற்குள் அவள் வெட்டியதைத் திரும்பக் கொண்டுவந்தாள். தனிக் கமிட்டாக இருந்ததால் ஒரே கட்டளையில் வந்தது. புதிய சர்வரில் வைத்தாள். பழைய குறிப்பை எடுத்துவிட்டு எழுதினாள்: இவர் போனை எடுக்க மாட்டார். மணி அடித்தால் கிளம்புவார். அடிக்காவிட்டால் படகு இல்லையென்று இருந்துவிடுவார். சோதித்துப் பார்ப்பதற்காகக்கூட இந்த எண்ணை அழைக்காதே.

படித்துப் பார்த்தாள். கடைசி வரியை மேலே கொண்டுபோய் வைத்தாள்.

கீழேயிருந்து கூப்பிட்டார்கள். பெரியவர் எழுந்து, படிக்குப் போகாமல் நின்றார்.

“இப்ப வர்றேன்னு தம்பிக்குச் சொல்லணுமே.”

இல்லத்தில் தம்பி கட்டிலுக்குப் பக்கத்தில் தொலைபேசி இருக்கிறது என்று எண்ணைச் சொன்னார். அவள் எழுதிக்கொண்டாள். பேச்சில்லாத ஆளிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டாள்.

“பேச வேணாம்மா. ஒரு தடவை அடிச்சதும் வெச்சிருங்க.”

“வேற நம்பர்லேருந்து வந்தா அவருக்கு நீங்கதான்னு தெரியுமா?”

“அவனுக்கு வேற யாரும்மா போன் பண்றாங்க?”

பையை மாரோடு அணைத்துக்கொண்டு பக்கவாட்டாகப் படியிறங்கினார். ஜன்னலில் அவர் துறைக்கு நடப்பது தெரிந்தது. தண்ணீர்மேல் மெல்லிய பனி மிச்சமிருந்தது. யாரோ கை கொடுத்து அவரை மூட்டைகளின் மேல் ஏற்றினார்கள்.

அவள் எண்ணை அழுத்தினாள். அக்கரையில் ஒரு தடவை மணி அடித்தது. யாராவது எடுக்கட்டுமே என்று கை தயங்கியது. வைத்துவிட்டாள்.