இடுப்புக்கு மேலே பழுத்தவை

பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே அவனுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. கம்பியை விடாமல் நின்றான். மனைவி முன்னால் போய்விட்டதால் கவனிக்கவில்லை.

அவன் சிமெண்டு குடோனில் மூட்டை தூக்குகிறவன். அவள் சலவை ஆலையில் வெந்நீர்த் தொட்டியடியில் வருஷக்கணக்காக நிற்கிறாள். ஆவி பட்டுப் பட்டுப் புறங்கைத் தோலே வேறு நிறமாகிவிட்டது. "நான் ஒருத்தன் தூக்குறது போதும், நீ வேலைய விடு" என்று அவன்தான் சொன்னான். சொன்ன கொஞ்ச நாளில் லாரியிலிருந்து மூட்டை வாங்கும்போது முதுகுக்குள் ஏதோ பிசகியது. அதைச் சொல்வதற்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தான். அதற்குள் அவள் சூப்பர்வைசரிடம், திங்கட்கிழமை முதல் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்து நின்றாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகு அவனுக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை.

அந்தச் சந்தோஷத்துக்குத்தான் இந்தப் பயணம். முன்பு அவனோடு மூட்டை தூக்கிய நெட்டையன் இப்போது மரம் அறுக்கும் பட்டறையில் சேர்ந்து காட்டோரம் குடியிருந்தான்.

"மழை விட்டிருக்கு. காளான் இப்பக் கிடைச்சாத்தான் உண்டு" என்று ஆளுக்கொரு கூடையும் கத்தியும் கொடுத்தான் நெட்டையன். அடுப்பைப் பற்ற வைத்துக்கொண்டிருந்த நெட்டையனின் மனைவி, "வெறுங்கையோட வந்தா வெறும் வயிறுதான்" என்றாள்.

"தங்கச்சி, எதை அறுத்தாலும் என்கிட்ட காட்டிட்டுக் கூடையில போடு. இல்லேன்னா இன்னைக்குச் சாப்பாடு, நாளைக்குச் சவப்பெட்டி" என்று கூட்டாளியின் மனைவியிடம் சொன்னான் நெட்டையன்.

"அப்போ முதல் வாய் உங்களுக்குத்தான் அண்ணே."

காட்டுக்குள் நுழைந்ததும், "பழத்தை நான் பாத்துக்கறேன்" என்று அவன் முள்புதர்ப் பக்கம் ஒதுங்கினான். சின்னக் கறுப்புப் பழங்கள் நெஞ்சுயரத்தில் தொங்கின. இடுப்புக்குக் கீழே இருந்தவற்றைத் தொடவில்லை.

"என்ன மச்சான், மேலயே மேயற? ஒட்டகமா நீ?"

"கீழ இருக்கறது குருவிக்கு."

நெட்டையன் சிரித்துக்கொண்டே உள்ளே போய் மறைந்தான்.

"ஏங்க, உங்க காலடியில பாருங்க, எம்மாம் பெரிய காளான்! மிதிச்சுடாதீங்க, எடுங்க."

அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். வேறு வழியில்லை. மரத்தைப் பிடித்து ஒரு முழங்காலை ஊன்றி இறங்கிக் காளானை அறுத்தான். எழ முடியவில்லை. கைக்கு எட்டிய இன்னொன்றை அறுத்தான். பிறகு இன்னொன்றை.

அவள் பக்கத்தில் வந்தாள். "அது அழுகினது. அதை எதுக்கு எடுக்கறீங்க?"

"சும்மாதான். நீ போ."

"எழுந்திரிங்க."

அவன் எழவில்லை. அந்தக் குளிரிலும் நெற்றி வியர்த்திருந்தது. அவள் கூடையைக் கீழே வைத்தாள்.

"எப்போலேர்ந்து?"

"போன மாசம்."

"நான் சூப்பர்வைசர்கிட்ட சொல்றதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

பொய் சொல்லலாம். வலியில் அதற்கும் தெம்பில்லை. "முன்னாடி."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"இப்ப நான் போய் அந்தாள் முன்னாடி பல்லைக் காட்டணும். என் இடத்துல ஆள் போட்டிருந்தா அதுக்கும் வழியில்ல."

"சரியாயிடும்னு நெனச்சேன்."

"முதுகு என்ன கீரையா, தண்ணி தெளிச்சா நிமிர்றதுக்கு?"

அவனுடைய அக்குளுக்குள் கைகளைக் கொடுத்தாள். ஈரப் போர்வைக் குவியலைத் தொட்டியிலிருந்து எடுப்பதுபோலக் காலை அகட்டி, மூச்சைப் பிடித்துத் தூக்கினாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்தான். இருவரும் மரத்தில் சாய்ந்து மூச்சு வாங்கினார்கள்.

"தங்கச்சி! கூடை ரொம்பிச்சா?" என்று தூரத்திலிருந்து குரல் வந்தது.

"வர்றோம் அண்ணே!" என்று கத்திவிட்டு, அவன் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "திங்கக்கிழமை ஷிப்டு ஆரம்பிக்கறதுக்குள்ள அந்தாளைப் புடிக்கணும். நீங்க டாக்டர்கிட்ட போங்க. இங்க யார்கிட்டயும் இப்ப எதுவும் பேச வேணாம், சாப்பிட்டுக் கிளம்பிடலாம்."

அவன் தலையாட்டினான். அவள் கூடை இரண்டையும் எடுத்துக்கொண்டு நடந்தாள். ஒன்றையாவது வாங்கிக்கொள்ளலாமென்று அவன் கையை நீட்டினான். அவள் தரவில்லை.