டர்போ பிடிக்கும் வரை

கௌதமன் பைக்கை விற்றுவிட்டான். பல்லடம் ரோட்டில் ஒரு வெள்ளை ஜீப் அதை உரசிச் சாய்த்திருந்தது. அவனுக்குத் தோள்பட்டை விலகியது. பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி தாரணிக்கு முழங்கை கிழிந்தது. ஜீப் நிற்கவில்லை. ஆனால் மெதுவாகப் போனது, அவர்கள் எழுகிறார்களா என்று பார்ப்பதுபோல. ஓட்டியது தாரணியின் அண்ணன் யஷ்வந்த். சாதி மாறி அவள் கல்யாணம் செய்துகொண்ட பிறகு அவன் அவளோடு பேசியதில்லை.

போத்தனூரில் வேறு வீடு பிடித்தார்கள். பிறகு கார் பார்க்கப் போனார்கள்.

ஷோரூமில் மெர்சி இரண்டு மாடல்களைக் காட்டினாள். ஒரே கம்பெனி. சின்னதில் சாதா பெட்ரோல் இன்ஜினும் உண்டு, டர்போ பெட்ரோலும் உண்டு. பெரியதில் டீசல்.

"டவுனுக்குள்ள ஓட்டறதுக்குச் சாதாவே போதுங்க. மைலேஜ் குடுக்கும்."

"மைலேஜ் வேண்டாங்க. நின்ன எடத்துல இருந்து எது வெடுக்குனு கெளம்புமுங்க?"

"ரேசுக்குப் போறீங்களாக்கும்?"

கௌதமன் சிரிக்கவில்லை. மெர்சி தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"டீசல் அடியில இருந்தே இழுக்குமுங்க. ஆனா கனம். டர்போ புடிச்சுருச்சுன்னா டீசல் அதைத் தொட முடியாது. புடிக்கறதுக்கு மட்டும் ஒரு மூச்சு எடுத்துக்கும்."

"மூச்சுன்னா?"

"மிதிச்சா, வாரேன் இருன்னு சொல்லீட்டு வருமுங்க."

டெஸ்ட் டிரைவில் கௌதமன் ஓட்டினான். பக்கத்தில் மெர்சி. பின் சீட்டில் தாரணி கண்ணாடி வழியாகப் பின்னாலேயே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"ஏனுங்க அம்மணி, யாராச்சும் வாராங்களா?"

"எங்கண்ணன் வந்தாலும் வருமுங்க."

"தங்கச்சி மேல அத்தனை பாசமா?"

தாரணி சுடிதார் கையை மேலே ஏற்றி முழங்கையைக் காட்டினாள். புண் இன்னும் காயவில்லை. அதன் பிறகு மெர்சி விளையாட்டாகப் பேசவில்லை.

பெரிய கார் போத்தனூர் வீட்டுச் சந்தில் திரும்பாது. சின்னதையே எடுத்தார்கள். டர்போ. சிவப்பு.

டெலிவரி அன்று டயர்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். முன்னால் மாலை கட்டினார்கள். ஆளுயர அட்டைச் சாவியைக் கொண்டுவந்தபோது தாரணி தூணுக்குப் பின்னால் போனாள்.

"போட்டோ வேண்டாமுங்க."

மெர்சி மேனேஜர் ஆல்வினிடம் சொன்னாள். ஒவ்வொரு டெலிவரியையும் ஷோரூமின் இணையப் பக்கத்தில் போட்டாக வேண்டும். "மூஞ்சி இல்லாமப் போட்டாப் போச்சு" என்றான் ஆல்வின். காரின் பின்பக்கத்தை மட்டும் எடுத்தான். கீழே வழக்கமான வரி: போத்தனூர் கௌதமன் குடும்பத்தினருக்கு வாழ்த்துகள்.

மெர்சி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். எங்கும் முகம் இல்லை. நிம்மதியாகப் போனை வைத்தாள்.

அந்த வாரமே யஷ்வந்த் வந்தான். வெள்ளை ஜீப்பை எதிரே வேப்பமரத்தடியில் விட்டுவிட்டு, வாசலில் செருப்பைக் கழற்றப் போனான். வேண்டாம் என்றார்கள். மெர்சிக்கு அவனைத் தெரியாது.

"அம்மணிக்கு எந்த ஊருங்க?"

"கிணத்துக்கடவுங்க."

"நம்ம சித்தி தோப்பு அங்கதானுங்க. நல்ல மனுசருங்க." காபியை உறிஞ்சினான். "சின்னதுல டர்போவும் பெருசுல டீசலும் ஒண்ணா நின்னு கெளம்புனா எதுங்க முந்தும்?"

"மொதல்ல டீசலுங்க. அப்பறம் டர்போ."

"அந்த மொதல்ல போதுமுங்க."

டீசலை ஓட்டிப் பார்க்கக் கேட்டான். சாயங்காலம். மெர்சி பக்கத்தில் உட்கார்ந்தாள். வழக்கமாகப் போகும் பாதையில் அவன் போகவில்லை.

"இங்க திரும்போணுமுங்க."

"செரிங்க" என்றான். திரும்பவில்லை.

போத்தனூர் ரயில் பாலம் தாண்டி, ஒரு கிளைச்சாலை மெயின் ரோட்டில் சேரும் முனையில் நிறுத்தினான். காரின் முகம் மெயின் ரோட்டைப் பார்த்திருந்தது. இன்ஜினை அணைக்கவில்லை.

"நிக்கறப்ப சத்தம் எப்படி இருக்குதுன்னு கேக்கறனுங்க."

வேலை விட்டு ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். அவன் ஒவ்வொரு காராகப் பார்த்தான். வெயில் இல்லை. ஆனாலும் தலைக்கு மேலிருந்த வெயில் மறைப்பைக் கண்வரை இறக்கிக்கொண்டான்.

"என்ற தங்கச்சியூட்ல சின்னது எடுத்திருக்கறாங்க. செவப்பு. நீங்கதான குடுத்தீங்க?"

மெர்சியின் கை போனுக்குப் போனது.

"அதை வெய்யுங்க கண்ணு."

அவன் குரல் உயரவில்லை. கையை மட்டும் நீட்டினான். அவள் கொடுத்தாள். கதவை இழுத்தாள். பூட்டியிருந்தது.

"என்ற ஜீப்பைப் பாத்தா ஓடிப்போடுவாங்க. இதைப் பாத்தா ஓட மாட்டாங்க பாருங்க."

காரின் இரண்டு பக்கமும் டெஸ்ட் டிரைவ் என்று பெரிதாக எழுதியிருந்தது. பானெட்டில் ஷோரூமின் பெயர். முன் சீட்டில் மெர்சி.

சிவப்புக் கார் வந்தது. காய்ந்த மாலை இன்னும் முன்னால் தொங்கியது. கௌதமன் ஓட்டினான். பக்கத்தில் தாரணி. அவள் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. சாலையோரம் பார்த்தாள். மெர்சியைப் பார்த்துவிட்டாள்.

மெர்சி கையை ஆட்டினாள். போங்க, போங்க என்று ஆட்டினாள்.

தாரணியும் சிரித்துக்கொண்டு கையை ஆட்டினாள். கௌதமனின் தோளைத் தட்டினாள். சிவப்புக் கார் வேகம் குறைந்து, சரியாக எதிரே வந்து நின்றது. தாரணி தன் பக்கக் கண்ணாடியை இறக்கினாள்.

"ஏனுங்க மேடம், இந்தப் பக்கம்? ஊட்டுக்கு வந்துட்டுப் போங்க."

மெர்சி கண்ணாடியை இறக்கிக் கத்தினாள்.

"நிக்காதீங்க! போங்க!"

தாரணியின் சிரிப்பு நிற்கவில்லை. அப்போதுதான் அவள் கண் மெர்சிக்குப் பக்கத்துச் சீட்டுக்குப் போனது.

கௌதமன் மிதித்தான். யஷ்வந்தும் மிதித்தான்.

டீசல் அடியிலிருந்தே இழுத்தது. சிவப்புக் கார் இன்னும் மூச்சு எடுத்துக்கொண்டிருந்தது.