இரண்டு பேருக்கு மட்டும் ஒரு கூடாரம்

என் கணவர் புவனேசனுக்கு ஒரு வியாதி உண்டு. எங்கேயாவது போகலாம் என்று சொன்னால் போதும், அடுத்த நிமிடமே வண்டியில் எத்தனை இடம் மிச்சம் இருக்கிறது என்று எண்ணத் தொடங்கிவிடுவார். ஓர் இருக்கை காலியாகப் போவதை அவரால் தாங்கவே முடியாது. வீண் செலவு என்றால் அவருக்கு அதுதான்.

எங்கள் முதல் கல்யாண நாளுக்கு லங்காவித் தீவுக்குப் போனோம். 'போனோம்' என்றால் ஒன்பது பேர். கோலக் கெடா படகுத்துறைக்கு வேன் பிடித்தார். என் மாமியார் பிரேமாவதி ரைஸ் குக்கரை மடியில் வைத்துக்கொண்டு படகில் வந்தார். ஓட்டலில் பெண்களுக்கு ஓர் அறை, ஆண்களுக்கு ஓர் அறை. கல்யாண நாள் இரவு என் விலாவில் இடித்துக்கொண்டிருந்தது என் நாத்தனார் காஞ்சனாவின் முழங்கை. அடுத்து என் பிறந்தநாள் வந்தது. கோத்தா கோலா மூடாவில் சுட்ட மீன் சாப்பிடலாம் என்று ஆசையாகக் கேட்டேன். மேசைகளை இழுத்து ஒட்டிப் போட்டு உட்கார்ந்தோம். அதில் என் மாமனாரின் பழைய நண்பர் ஒருவரும் குடும்பத்தோடு இருந்தார். யார் பிறந்தநாள் என்று அவர் என்னிடமே கேட்டார்.

சுங்கை பட்டாணியில் எங்களுடையது மூன்று அறை வீடு. மாமா, அத்தை, காஞ்சனா, நாங்கள் இருவர். யாரும் கெட்டவர்கள் இல்லை. அதுதான் பெரிய தொல்லை, கெட்டவர்களாக இருந்தால் சண்டை போட்டு முடித்திருப்பேன். அறைக்குள் நாங்கள் மெதுவாகப் பேசினால் "என்னா ரகசியம்?" என்று குரல் வரும். சத்தமாகப் பேசினால் "என்னா சண்டை?" என்று வரும். பிள்ளை எப்போது என்று மாதம் தவறாமல் கேட்பவர்களும் இவர்கள்தான்.

இப்படியே மூன்று வருடம் போனது. கையுறை தொழிற்சாலையில் வேலைக்கு நடுவே தேநீர் குடித்தபடி போனைத் தள்ளிக்கொண்டிருந்தபோது, ஒரு பெண் ஆற்றங்கரையில் சின்னக் கூடாரம் ஒன்றை விரிக்கிற வீடியோ வந்தது. அந்தக் கூடாரத்தின் பையில் 'இரண்டு பேருக்கு' என்று பெரிதாக எழுதியிருந்தது. எனக்குப் பளிச்சென்று புத்தியில் தட்டியது. வேனில் நெருக்கி உட்காரலாம், ஓட்டலில் கூடுதல் கட்டில் கேட்கலாம், வீட்டில் பாய் விரிக்கலாம். இரண்டு பேர் கூடாரத்தில் மூன்றாவது ஆள் எங்கே படுப்பார்?

எனக்குக் காட்டின் மேல் அப்படியொன்றும் காதல் கிடையாது, கொசு என்றால் ஆகவே ஆகாது. அவரோடு ஒரு நாள் தனியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதைவிட முக்கியம், அவருக்கும் அந்த ஆசை இருக்கிறதா என்று தெரிய வேண்டும். இல்லை என்று ஆகிவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில்தான் இத்தனை நாளும் கேட்காமல் இருந்தேன்.

ஒரு வாரம் கூடாரங்களைப் பற்றிப் படித்துத் தள்ளினேன். பிறகு அவரை இழுத்துக்கொண்டு தங்கமணி அண்ணன் கடைக்குப் போனேன். பள்ளிக்கூடச் சப்பாத்து, பூப்பந்து மட்டை, தூண்டில் எல்லாம் விற்கிற கடை. கூடாரங்கள் கடைசிச் சுவரோரம் அடுக்கியிருந்தன.

"எத்தன பேரு?" என்றார் தங்கமணி அண்ணன்.

"ரெண்டு," என்றேன் நான்.

"அஞ்சு," என்றார் என் கணவர், அதே நேரத்தில்.

தங்கமணி அண்ணன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வியாபாரி புத்தி உடனே வேலை செய்தது. "அப்ப ஆறு பேரு சைஸ் எடுத்துக்க தம்பி. உள்ள நின்னுகிட்டே சட்ட மாத்தலாம்."

"அண்ணே, எனக்கு நூறு வெள்ளிக்குள்ள ரெண்டு பேருது காட்டுங்க," என்றேன்.

அவர் முகம் சுருங்கியது. ஆனாலும் ஒரு வட்டப் பையை எடுத்து வந்தார். பிரித்ததும் தானாகவே விரிந்துகொள்கிற வகை. பையைத் திறந்து உதறினார், கூடாரம் துள்ளி எழுந்து ஒரு மட்டை அடுக்கைத் தட்டிவிட்டது. பிரமாதமாகத்தான் இருந்தது. மடித்துக் காட்டச் சொன்னேன். ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் கிளம்பியது. முழங்காலை வைத்து அழுத்திப் பார்த்தார், வயிற்றை வைத்தும் பார்த்தார்.

"மடிக்கிறது மட்டும் கொஞ்சம் சூசா லா, கஷ்டம்," என்றார் மூச்சு வாங்கியபடி.

"அது வேணாண்ணே."

அடுத்தது ஒற்றைத் துணிக் கூடாரம், விலை ரொம்பக் குறைவு. ஒற்றைத் துணி என்றால் நாம் விடும் மூச்சே உள்பக்கம் வேர்த்து விடியும்போது முகத்தில் சொட்டும் என்று படித்திருந்தேன். அதையும் தள்ளினேன். மூன்றாவதாக வந்தது பச்சை நிறம். உள்ளே கொசுவலை, மேலே தனியாக மழைக்கு ஓர் உறை. அந்த உறை தரைவரைக்கும் இறங்கியது, சிலவற்றில் அது பாதியில் குட்டைப் பாவாடை மாதிரி நின்றுவிடும். வளைகிற கம்பி இரண்டே இரண்டு, மடித்தால் கைப்பிடிப் பை அளவு. விலையும் என் கணக்குக்குள் வந்தது.

கடைக்கு வெளியே ஐந்தடி நடைபாதையில் அதை நிறுத்திப் பார்த்தோம். "படுத்துப் பாருங்க, வெக்கப்படாதீங்க," என்றார் தங்கமணி அண்ணன். நான் படுத்தேன், அவரும் தவழ்ந்து வந்து பக்கத்தில் படுத்தார். தோளோடு தோள் ஒட்டியது. அவர் கால் கட்டைவிரல் துணியைத் தொட்டது. வெளியே மோட்டார் சைக்கிள்கள் போய்க்கொண்டிருந்தன, எனக்கு அந்த இடமே போதும் என்றிருந்தது.

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "அம்மாவ எங்க படுக்க வைக்கிறது?"

எழுந்து போய்ப் பணம் கட்டினேன். வீடு வரும்வரை அவரோடு பேசவில்லை. அவர் ரேடியோவைக் கூட்டி வைத்துக்கொண்டார்.

செர்டாங் பக்கத்தில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டி ஒரு மலாய்க்காரப் பெரியவர் ஆற்றோரமாக இடம் வாடகைக்கு விடுகிறார். அதைப் பார்த்து வைத்திருந்தேன். சிடாம் கிரியில் இன்னும் அழகான இடம் இருந்தது, ஆனால் அது வீட்டுக்குக் கிட்ட. இருட்டுவதற்குள் சம்பால் சட்டியோடு வீட்டிலிருந்து ஆள் வந்துவிடும். செர்டாங்கில் எங்களுக்குச் சொந்தக்காரர்கள் யாரும் கிடையாது. என் கண்ணுக்கு அந்த ஊரின் பெரிய அழகே அதுதான்.

சனிக்கிழமை காலை, கிளம்புவதற்கு முன் ஒரு முறை நிறுத்திப் பழகலாம் என்று வீட்டு முன்னால் கார் நிறுத்துகிற இடத்தில் கூடாரத்தை விரித்தேன். மாமா சுற்றி வந்து, வீட்டுக்குள் நுழைந்த தெருநாயைப் பார்ப்பது போல் பார்த்தார். காஞ்சனா படம் எடுத்தாள். அத்தை உள்ளே போய்த் தட்டோடு திரும்பி வந்தார்.

எங்கள் வீட்டில் புதிதாக எது வந்தாலும் சாமி காட்டாமல் தொடக்கூடாது. கார், மோட்டார் சைக்கிள் மட்டும் இல்லை, சலவை இயந்திரத்துக்கும் குங்குமம் உண்டு, என் கணவர் ஏர்கோன் எனும் குளிர்சாதனத்தைப் பழுது பார்க்கக் கொண்டுபோகும் துளையிடும் இயந்திரத்துக்கும் சந்தனப் பொட்டு உண்டு. அத்தை நான்கு மூலைகளிலும் பொட்டு வைத்தார். வாசல் ஜிப்புக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வெட்டினார். பிறகு சூடத்தை ஏற்றி, கூடாரத்தைச் சுற்றி மூன்று தடவை காட்டினார். மூன்றாவது சுற்றில் காற்று அடித்தது. தட்டு லேசாகச் சாய்ந்தது, அவ்வளவுதான். மழை உறையில் கட்டைவிரல் போகிற அளவுக்கு ஓர் ஓட்டை விழுந்து, ஓரம் கறுத்துச் சுருண்டது.

வேண்டுமென்றே செய்துவிட்டார் என்றுதான் அந்த நொடியில் நினைத்தேன். அத்தையின் முகத்தைப் பார்த்தேன், ரத்தமே இல்லை. "அய்யோ, புதுசாச்சே. நான் பாக்கலம்மா," என்றார். அவர் மேல் கோபப்பட முடியவில்லை. அதனால் என் கோபம் நிற்க இடம் இல்லாமல் தவித்தது.

அதற்கு என் கணவரே இடம் கொடுத்தார். "சரி விடு," என்றார் உற்சாகமாக. "இது போனா போவுது. தங்கமணி அண்ணன் கடையில அந்த ஆறு பேரு டெண்ட் இருக்குல்ல, அத வாங்கிக்கலாம். எல்லாரும் போவலாம் லா. காஞ்சனா, நீயும் கெளம்பு."

நான் குனிந்து கூடாரத்துக்குள் போய் ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டேன்.

வெளியே ஆளுக்கொரு பக்கமாக நிழல்கள் குனிந்தன.

"ஷாமளா, உள்ள வெக்கையா இருக்கும்மா," இது மாமா.

"அண்ணி, காபி போட்டுக் கொண்டாரவா?" இது காஞ்சனா.

"பசியாறாம உக்காந்திருக்காளே," இது அத்தை.

கடைசியில் ஜிப் கொஞ்சமாகத் திறந்து என் கணவரின் தலை வந்தது, உடம்பும் வந்தது. நான் நகரவில்லை. நகர இடமும் இல்லை. அவர் உட்கார்ந்து, பழக்க தோஷத்தில் ஜிப்பை மூடினார்.

"என்னா ஆச்சு?" என்றார் மெதுவாக.

"உங்களுக்கு என்கூடத் தனியா இருக்கப் புடிக்கலியா?" அழக்கூடாது என்று நினைத்திருந்தேன், அழுதுகொண்டேதான் கேட்டேன். "மூணு வருசமாப் பாக்கறேன். ரெண்டு பேரும் போவலாம்னா ஒடனே ஊரயே கூப்புடறீங்க. புடிக்கலன்னா சொல்லிடுங்க. நானும் கேக்கறத நிறுத்திடறேன்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. தரைத்துணியில் விரலால் கோடு போட்டார்.

"பயமா இருக்கு," என்றார்.

"எதுக்கு?"

"நம்ம ரெண்டு பேரு மட்டும் இருந்தா நான் என்னா பேசறது? எனக்கு ஏர்கோன் ரிப்பேரு தவிர என்னா தெரியும்? நீ புக்குல்லாம் படிக்கிற. வேலை எடத்துல அந்தப் பொண்ணுங்களோட சிரிச்சிச் சிரிச்சிப் பேசற. என்கூட ஒரு நாளு முழுக்க இருந்தா உனக்குப் போரடிச்சிடும். இவன்கிட்ட ஒண்ணுமே இல்லன்னு தெரிஞ்சிடும். எல்லாரும் இருந்தா அது தெரியாதுல்ல?"

லங்காவியில் ஒன்பது பேருக்கு ஓடி ஓடித் தண்ணீர் வாங்கிக் கொடுத்த மனிதர், என்னிடமிருந்து ஒளிந்துகொள்ளத்தான் அவர்களை அழைத்து வந்தாராம். சிரிப்பும் வந்தது, அவரை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது. கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அது என் கஷ்டம்," என்றேன். "போரடிச்சா நான் பாத்துக்கறேன். நீங்க வெளிய சொல்லுங்க."

"என்னா சொல்ல?"

"உங்களுக்கே தெரியும்."

அவர் ஜிப்பைத் திறந்து தலையை மட்டும் வெளியே நீட்டினார். வாழ்க்கையில் முதல் முறையாக அவர் வாயிலிருந்து ஒரு மறுப்பு கிளம்பியது.

"அம்மா, நீங்கல்லாம் வர வேணாம்மா. நானும் ஷாமளாவும் மட்டும் போறோம்."

அத்தை அழப்போகிறார் என்று நினைத்தேன்.

"அப்பாடா," என்றார் அத்தை. "எங்க கூட்டிட்டுப் போயி தரையில படுக்க வெச்சிருவியோன்னு பயந்துட்டு இருந்தேன். அன்னிக்கு லங்காவியில மூணு நாளும் தூக்கமே இல்ல. நீ ஆசையாக் கூப்புடறியேன்னுதான்டா நாங்க வர்றது."

"எனக்கும் முட்டி வலி," என்றார் மாமா பின்னாலிருந்து.

அத்தை கூடாரப் பையோடு வந்திருந்த ஒட்டுத்துணியை எடுத்து ஓட்டையின் மேல் வைத்து, தானே தேய்த்துத் தேய்த்து ஒட்டினார். ரைஸ் குக்கரைக் கொடுக்கப் பார்த்தார், ஆற்றோரத்தில் மின்சாரம் இல்லை என்று சொல்லித் தப்பித்தேன்.

செர்டாங் போய்ச் சேர்ந்து கூடாரத்தை நிறுத்தி முடித்தோம், மூன்று மணிக்கே மழை பிடித்துக்கொண்டது. ஆறும் தெரியவில்லை, செம்பனையும் தெரியவில்லை. உள்ளே முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்தோம். போனில் லைன் இல்லை. அவர் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி போனைப் பார்த்தார். அவர் படும் பாடு எனக்குத் தெரிந்தது. வேண்டுமென்றே உதவி செய்யவில்லை.

பிறகு அவர் தொண்டையைச் செருமினார். "நேத்து ஒரு வீட்டுல ஏர்கோன் தண்ணி ஒழுகுச்சி," என்றார். ஒழுகுவதற்கு நான்கு காரணம் இருக்கலாமாம். முதல் காரணத்தை விளக்கினார். குழாய் எந்தப் பக்கம் சரிய வேண்டும் என்று என் கையையே குழாயாக வைத்துச் சாய்த்துக் காட்டினார். இரண்டாவது காரணத்தில் ஒரு பல்லி வந்தது. மூன்றாவதில், தப்பாகப் பொருத்திவிட்டுப் போன வேறொரு ஆள் வந்தான், அவன் மேல் இவருக்கு நியாயமான கோபம் இருந்தது. வீட்டில் இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேசாத மனிதர் மூச்சு விடாமல் பேசினார், கண்கள் மின்னின. எனக்குப் பாதிக்கு மேல் ஒன்றும் விளங்கவில்லை. சும்மா சொல்லக்கூடாது, அவர் பயந்தது நியாயம்தான், சரியான கழுத்தறுப்பு.

நடுவில் சட்டென்று நிறுத்தினார். முகம் மாறியது. "போரடிக்குதா?" என்றார்.

"ரொம்ப போரடிக்குது," என்று சொல்லி அவர் தோளில் நன்றாகச் சாய்ந்துகொண்டேன். "நாலாவது காரணம் என்னா?"

அவர் நாலாவது காரணத்தைச் சாவகாசமாகச் சொல்லத் தொடங்கினார்.