பச்சைக் கோடு போட்ட வீடுகள்

டீச்சர் தோற்றது ஒன்பதாயிரத்துச் சொச்சம் ஓட்டில். நாட்டுக்கே தலைவராக நிற்கிறவருக்கு இதெல்லாம் ஒரு வித்தியாசமா? லட்சக்கணக்கில் தோற்றிருந்தால் தலையெழுத்து என்று சொல்லிவிட்டு அவரவர் வீட்டைப் பார்க்கப் போயிருப்பார்கள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போனால்தான் யார் தட்டிவிட்டது என்று தேடத் தோன்றும்.

தேடவே வேண்டாம் என்றார் கட்சிச் செயலாளர். கடைசி டிவி விவாதத்தில் டீச்சர் ஒரு வாக்கியம் சொன்னார், படிக்காமல் பரீட்சைக்கு வந்தவர்களுக்கு நான் பாஸ் போட மாட்டேன் என்று. குத்தியது என்னவோ எதிராளியைத்தான். படிப்பைப் பாதியில் விட்டவர்களெல்லாம் தங்களைச் சொன்னதாக எடுத்துக்கொண்டார்கள் என்று பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளின. அதை எழுதிக் கொடுத்தது அலுவலகத்தில் பேச்சு எழுதுகிற பெண். ஆக, பழி போட ஆள் கிடைத்தாயிற்று. அவளை வேலையைவிட்டு நீக்கி, காரணத்தைப் பத்திரிகைக்கும் சொல்லிவிட்டால் கட்சியின் மானம் பிழைக்கும். ஒப்புக்கு ஓர் அறிக்கை மட்டும் வேண்டும். திங்கட்கிழமைக்குள் அதை எழுதும் வேலை பென்சில் தலையில் விழுந்தது.

பென்சில் என்பது அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் இல்லை. இருபத்திரண்டு வருஷமாக டீச்சரோடு இருக்கிறார். வாக்காளர் பட்டியல்தான் அவர் ராஜ்ஜியம். நிச்சயம் நம்ம ஆள் என்றால் அந்த வீட்டுக்குப் பச்சைக் கோடு. இப்படியா அப்படியா என்று ஊசலாடினால் மஞ்சள். எதிர்க்கட்சி என்றால் சிவப்பு. இந்தத் தடவை தொண்டர்கள் குறைவு, தெருக்கள் அதிகம். அதனால் அவரே ஒரு விதி போட்டார்: பச்சை வீட்டுக்கு யாரும் போக வேண்டாம், அவர்கள் எப்படியும் வருவார்கள், மஞ்சள் வீட்டுக் கதவை மூன்று தடவை தட்டுங்கள். என்ன மூளை என்று எல்லோரும் மெச்சினார்கள். மனுஷனும் கொஞ்சம் பூரித்துத்தான் போனார்.

சும்மா எழுதிக் கொடுத்திருக்கலாம். ஆனால் பட்டியல் பார்த்தே பழகிய கண் சும்மா இருக்குமா? ஓட்டுப் போட்டவர்கள் யார் யார் என்று தேர்தல் அலுவலகம் தந்த பட்டியலைத் தன் வட்டத்துப் பட்டியலுக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். மஞ்சள் வீடுகளில் நூற்றுக்கு எண்பது பேர் வந்திருந்தார்கள். பச்சையில் அறுபதைத் தாண்டவில்லை. வேறு வட்டங்களை எடுத்துப் பார்த்தார். எல்லாம் ஒரே லட்சணம்.

ஒருவேளை அந்த வாக்கியத்தால்தான் இவர்களும் கோபித்துக்கொண்டார்களோ என்று ஒரு நப்பாசை. கேட்டுப் பார்க்க நாலு தெரு தள்ளி அக்கா வீடு இருந்தது. நாற்பது வருஷப் பச்சை வீடு. தேர்தல் அலுவலகப் பட்டியல்படி அக்காவும் ஓட்டுப் போடவில்லை.

அக்கா சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். டிவியில் டீச்சர் சொன்னது பிடிக்கவில்லையா என்று கேட்டார். என்ன சொன்னாள் என்று அவள் திருப்பிக் கேட்டாள். பல்லால் நூலைக் கடித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தாள்.

"எதிர்வீட்டுக்காரனைத் தேடி மூணு தடவை வந்தாங்கடா. அவன் ஜென்மத்துல நமக்குப் போட்டவன் இல்லை. எங்க வாசலை ஒருத்தரும் எட்டிப் பாக்கலை. நான் செத்துட்டேனா இருக்கேனான்னுகூடக் கேக்கலை. இவ எங்க போயிடப் போறான்னு நினைப்பு. சரி, நான் இல்லாமலே ஜெயிச்சுக்கட்டும்னு இருந்துட்டேன்."

அந்த விதியைப் போட்ட மகானுபாவன் தன் தம்பிதான் என்று அவளுக்குத் தெரியாது.

"ஆமா, நீ போட்டியா?" என்றாள் அக்கா.

அவர் போடவில்லை. அன்று விடிந்ததிலிருந்து மூன்று போனும் இரண்டு காதுமாக அல்லாடினார். வாக்குச்சாவடி பத்து நிமிஷ நடை. இரண்டு தடவை செருப்பை மாட்டினார், இரண்டு தடவையும் போன் அடித்தது. என் ஒரு ஓட்டா கவிழ்த்துவிடப் போகிறது என்று உட்கார்ந்துவிட்டார். தன்னைவிடப் பச்சையானவன் நாட்டில் யார்? அக்காவிடம் ஏதோ முனகிவிட்டு எழுந்து வந்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

இதை அறிக்கையில் எழுதினால் இருபத்திரண்டு வருஷப் பேரும் போய்விடும். எழுதாவிட்டால் ஒருத்தி வேலை போகும். அவள் சின்னவள், கெட்டிக்காரி, எங்கேயும் பிழைத்துக்கொள்வாள் என்று மனசு நைசாக வக்கீல் வேலை பார்த்தது. அந்த எண்ணத்தோடுதான் அலுவலகப் படியேறினார். உள்ளே அவள் மேஜை இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருந்தாள். பிள்ளை கிறுக்கிய படம் ஒன்றைச் சுவரிலிருந்து கிழியாமல் எடுத்து மடித்தாள். இன்னும் யாரும் போகச் சொல்லவில்லையே என்றார் பென்சில்.

"சொல்ற வரைக்கும் இருக்கணுமா அண்ணே? டீச்சரை நான்தான் தோக்கடிச்சேன். எனக்கே தெரியுது."

அவள் அதை நம்பியே விட்டாள். அதுதான் அவரைச் சுட்டது. நேரே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எழுதினார்.

திங்கட்கிழமை கூட்டத்தில் டீச்சர், செயலாளர், பென்சில் மூன்று பேர்தான். அவர் கணக்குகளைப் படித்தார், விதி தன்னுடையது என்று படித்தார். வாக்கியத்தால் போன ஓட்டு எத்தனையோ தெரியாது, கதவைத் தட்டாததால் போனது இதோ இருக்கிறது என்றும் படித்தார். செயலாளர் இடையில் புகுந்தார். நம்ம ஆட்களே நமக்குப் போடவில்லை என்று தெரிந்தால் ஊர் வழித்துக்கொண்டு சிரிக்கும், ஒரு வாக்கியத்தால் தோற்றோம் என்பதாவது கௌரவம் என்றார். டீச்சருக்கும் அந்த வாக்கியமே வசதி என்று முகத்தில் தெரிந்தது. ஒரு பேச்சு பிசகியது என்றால் தாங்கிக்கொள்ளலாம். தன்னை நேசித்தவர்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள் என்பதை எப்படித் தாங்குவது?

கடைசிப் பக்கம் பாக்கி இருந்தது. தாளை மேஜைமேல் வைத்துவிட்டு, வாயாலேயே சொன்னார்.

"வராத பச்சையில நானும் ஒருத்தன் டீச்சர். நான் ஓட்டுப் போடலை."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். திட்டுக்குத் தயாராகத்தான் பென்சில் நின்றார், எதைச் சொன்னாலும் தகும் என்றுதான் நின்றார். டீச்சர் சொன்னது வேறு.

"நாடு பூரா அலைஞ்சேன். முன்னபின்ன தெரியாதவங்க கையெல்லாம் பிடிச்சுக் கேட்டேன். இருபத்திரண்டு வருஷத்துல உங்ககிட்ட ஒரு தடவைகூடக் கேக்கலையே."

பென்சிலுக்குக் கண் நிறைந்துவிட்டது. இல்லை டீச்சர், என்கிட்ட எதுக்குக் கேக்கணும் என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் டீச்சர் அறிக்கையை இழுத்துக் கடைசிப் பக்கத்தின் அடியில் கையெழுத்துப் போட்டார். இதையே அப்படியே பத்திரிகைக்குக் கொடுங்கள் என்று செயலாளரிடம் நீட்டினார்.